வாடகைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

எண்பதுகளில் ராஜபாளையம் சங்கரன்கோவில் முக்கிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் வாடகைப் புத்தகக் கடை ஒன்று இருந்தது. ஒரே அறை, மூன்று சுவரிலும் தரையிலிருந்து உத்தரம் வரை அலமாரி. எல்லாப் புத்தகத்துக்கும் காக்கித்தாள் அட்டை போட்டிருக்கும். முதுகில் எண், உள்ளே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு. சுஜாதா ஒரு தட்டு, லக்ஷ்மியும் சிவசங்கரியும் ஒரு தட்டு, சாண்டில்யனுக்கு மட்டும் ஒரு முழு அலமாரி. கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. முன்பணம் கட்டிப் பெயரை நோட்டில் ஏற்றிவிட்டால் போதும், பிறகு நாள் வாடகைதான்.

கடையின் செல்வம் அச்சுப் புத்தகங்களில் இல்லை. பைண்டிங்குகள்தான் செல்வம். விகடன், குமுதம், கல்கி, கலைமகள் என்று வந்த தொடர்கதைகளை இதழ் இதழாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்த வால்யூம்கள். கதைப் பக்கத்தின் பின்புறத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு ஜோக், பல்பொடி விளம்பரம், அந்த வருஷத்து சினிமா விமர்சனத்தின் கடைசி நாலு வரி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். கதையோடு அது வந்த காலமும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தது. இன்றைக்கு அதே நாவலை நல்ல தாளில் மறுபதிப்பாக வாங்கிப் படித்தாலும் அந்தப் பின்பக்கம் கிடைப்பதில்லை.

வாங்கிப் போகிறவர்கள் எல்லா ரகமும். ராஜபாளையத்தின் நேரத்தை அப்போது மில் சங்குதான் சொன்னது. ஷிப்ட் முடிந்து சட்டையில் பஞ்சு ஒட்டியபடி சைக்கிளை நிறுத்தி வருகிறவர்கள், துப்பறியும் கதை இருக்கிறதா என்று நின்றவாக்கிலேயே கேட்பார்கள். ராஜூக்கள் வீட்டுப் பெண்கள் கடைக்கு வருவதில்லை. சின்னப் பையன்களிடம் துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, படிக்கிற கதை தமிழ். அண்ணாச்சி சீட்டைப் பார்த்துவிட்டு, "இதை அக்கா போன தீபாவளிக்கே படிச்சிட்டாங்க, இதக் கொண்டுபோய்க் குடு" என்று வேறு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். யார் எதைப் படித்தார், எதைப் பாதியில் திருப்பினார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நோட்டில் இருந்தது வாடகைக் கணக்கு மட்டும்.

நான் சொல்ல வந்தது அந்த வால்யூம்களின் கடைசிப் பக்கத்தைப் பற்றி.

வாடகைப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று எல்லாக் கடையிலும் போட்டிருக்கும். இங்கேயும் போட்டிருந்தது. ஆனாலும் எழுதினார்கள். முதலில் "அருமை", "அறுவை", "கண்ணீர் வந்தது" என்று ஒற்றைச் சொற்கள். அதற்குக் கீழே இன்னொருவர், "எங்கே கண்ணீர் வந்தது, பக்கம் போடவும்" என்று பென்சிலில் கேட்டிருப்பார். ஒரு மாதம் கழித்து அதே வால்யூம் சுற்றிவிட்டு வரும்போது பக்க எண் இருக்கும். இப்படித்தான் அது தொடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத, பெயர்கூடத் தெரியாத முப்பது நாற்பது பேர், கடைசிப் பக்கத்தில் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். பச்சை மைக்காரர், அடிக்கோடு போடுகிறவர், தன்னை "நைட் ஷிப்ட்" என்று கையெழுத்திட்டுக்கொள்பவர் என்று எழுத்தை வைத்துத்தான் ஆளைத் தெரியும்.

பெரிய வழக்கு பொன்னியின் செல்வனில் நடந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த கதை. பிறகு அதே பத்திரிகையில் மறுபடியும் தொடராக வெளியானபோது கிழித்துத் தைத்த வால்யூம்கள் கடையில் இருந்தன. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை உடைத்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை ராஜபாளையம் எடுத்துக்கொண்டது. நந்தினிதான் என்று ஒரு கட்சி. பெரிய பழுவேட்டரையரே தன் வாயால் சொன்ன பிறகு என்ன பேச்சு என்று இன்னொரு கட்சி. அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான் என்று மூன்றாவது கட்சி. நடுவில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவராக இருக்க வேண்டும், சீரான சாய்வெழுத்தில் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி எழுதிவைத்தார். ரவிதாஸனும் அவன் உடன்பிறந்தாரும் குற்றவாளிகளென்று சொல்லி அவர்கள் சொத்தைப் பறித்ததாக அதில் இருக்கிறது, கதையை விடுங்கள், கல்லைப் பாருங்கள் என்று. அதற்குக் கீழே உருண்டை உருண்டையான ஒரு பெண்ணின் எழுத்து: கல்லில் வெட்டச் சொன்னவன் யார் என்று முதலில் பாருங்கள். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. வரலாற்றைச் சந்தேகப்பட வேண்டும் என்று முதலில் கற்றுக்கொடுத்தது அந்த உருண்டை எழுத்துதான்.

இடம் தீர்ந்துபோனது. அட்டையின் உள்பக்கம், ஓரம், அத்தியாய முடிவில் விட்ட வெற்றிடம் எல்லாம் நிரம்பியது. அண்ணாச்சி கோபப்படுவார் என்றுதான் நினைத்தோம். அடுத்த முறை மறு பைண்டிங்குக்குக் கொடுத்தபோது, ஐந்தாம் பாகத்தின் முடிவில் எட்டு வெள்ளைத்தாள் சேர்த்துத் தைத்து வாங்கி வந்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்ற பலகையும் இருந்த இடத்திலேயே தொங்கியது.

*

விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார்வளாகம் பக்கம் அத்தை வீட்டுக்குப் போவோம். பஸ்ஸில் அரைமணிக்குள்தான். அங்கே மாமா என்னைப் பென்னிங்டன் நூலகத்துக்குக் கூட்டிப்போவார். பென்னிங்டன் என்ற ஆங்கிலேயர் திருநெல்வேலி கலெக்டராக இருந்தபோது 1875-இல் ஊர்க்காரர்கள் முயற்சியில் ஏற்பட்டது. ஊரில் அதே பெயரில் மார்க்கெட்டும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரமும் பால்கோவாவும்தான். உள்ளூரில் படிக்கிற வயதானவர்களிடம் கேட்டால் பென்னிங்டனையும் சேர்த்துச் சொல்வார்கள்.

சிறுவனாக எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பேசக்கூடாது. பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்கும். புத்தகத்தின் கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கும், தேதி முத்திரையைத் தவிர. யார் படித்தார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லாத புத்தகத்தைப் படிப்பது ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும். அண்ணாச்சி கடைக்கு முன் இது என்ன நூலகம் என்று நினைத்தேன்.

அந்த நூலகத்தை நடத்துவது கமிட்டி. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. 1985-இல் காமராஜர் மாவட்டமாகி, பிறகு விருதுநகர் மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் மாறிக்கொண்டே இருந்தது. நூலகம் அதே ஊரில் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது ஆண்டில் எத்தனையோ பேருக்கு அதில் சலிப்பு வந்திருக்கும். ஒருவருடைய சலிப்பு கதவை மூடப் போதுமானதாக இல்லை, அவ்வளவுதான். இது எனக்கு உறைக்க நாற்பது வயது ஆனது.

ராஜபாளையத்திலும் அப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தான் குடியிருந்த வீட்டையே ஊருக்கு எழுதிவைத்தார். அதுதான் காந்தி கலைமன்றம். முதலமைச்சராக இருந்தபடியே தேர்தலில் தோற்றவர், பிறகு ஒரிசா கவர்னர், 1957-இல் மறைந்தார். அவரைப் பற்றி ஊரில் எத்தனையோ சொல்வார்கள். எனக்கு அவரிடம் பெரிதாகப்படுவது, தனக்குப் பின் இந்தச் சாவி யாரிடம் போகும் என்பதை உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்தாரே, அது. அதைச் செய்ய வசதி மட்டும் போதாது. இடம் தன்னைவிடப் பெரிதென்று மனசு ஒப்ப வேண்டும்.

இரண்டு ஊருக்கும் நடுவில் பாலமாக இருந்த ஒருவரையும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் விலகிப் போவதுதான் என்றாலும். மு.கு. ஜகந்நாதராஜா. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி என்று மொழிமொழியாகக் கற்று, ராஜபாளையத்திலேயே இருந்துகொண்டு மொழிபெயர்த்தவர். கிருஷ்ணதேவராயர் வில்லிபுத்தூர் ஆண்டாளைப் பாடிய ஆமுக்தமால்யதா என்ற தெலுங்குக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பிராகிருத காதா சப்தசதியும் அவர் கையால் தமிழுக்கு வந்தது. மணிமேகலை மன்றம் என்று இலக்கியக் கூட்டமும் நடத்தினார். 2008-இல் மறைந்தார். எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு சொல்லை எதிரே உட்கார்ந்தவரோடு மணிக்கணக்கில் அடித்துத் திருத்துகிற பேச்சு எந்தப் புத்தகத்தில் ஏறும்? அறிஞரைச் சுற்றிக் கூடுகிற கூட்டத்தின் பாதிச் சொத்து காற்றில்தான் இருக்கிறது.

*

அண்ணாச்சி கடை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மங்கத் தொடங்கியது. கேபிள் டிவி வந்தது. மத்தியானத்தில் படித்தவர்கள் மத்தியானத்தில் பார்க்கத் தொடங்கினார்கள். ஊர் காரணம் சொல்வது இப்படித்தான். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசகர் குறைந்தார்களே தவிர இல்லாமல் போகவில்லை. கடைசி வருஷம்கூட சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் நாலு பேர் நிற்பார்கள். போனது அண்ணாச்சியின் ஆசை. புதுப் புத்தகம் வாங்குவதை நிறுத்தினார். பிரிந்த வால்யூமை பைண்டிங்குக்குக் கொடுக்கவில்லை. என்ன அண்ணாச்சி என்று அப்பா கேட்டபோது, "ஆசை விட்டுப்போச்சு தம்பி, அவ்வளவுதான்" என்றார்.

அவர் மேல் எனக்குக் குறையில்லை. இருபது வருஷம் ஒரு மனிதர் ஊருக்குக் கதை கொடுத்திருக்கிறார். சலித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. மகன்கள் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெசவில் இருந்தார்கள். இது அவர்களுக்கு வேண்டாத தொழில். ஒருநாள் கடை திறக்கவில்லை. மறுவாரம் பழைய பேப்பர் வண்டி வந்து எடை போட்டு ஏற்றிப் போனது. நோட்டும் அதோடு போனது. பிறகு சில நாள், கையில் புத்தகத்தோடு ஆட்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு நின்றார்கள். திருப்பிக் கொடுக்க வந்தவர்கள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. புத்தகம் அண்ணாச்சியுடையது, விற்கலாம். காகிதமும் அவருடையதுதான். ஆனால் கடைசிப் பக்கத்தில் இருந்தது யாருடையது? பச்சை மைக்காரர் எழுதியது அவருடையது. உருண்டை எழுத்து அந்த அக்காவுடையது. இரண்டும் ஒரே தராசில் ஏறிவிட்டன. அவருக்கு அது தெரியாமல் இல்லை. வெள்ளைத்தாள் சேர்த்துத் தைத்தவர் அவர்தானே. சலிப்பு வரும்போது முதலில் மறந்துபோவது, தன்னிடம் இருப்பதில் எவ்வளவு தன்னுடையதில்லை என்பதுதான் போலிருக்கிறது. யாராவது ஒருவர், "பைண்டிங்குகளை மட்டும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள்" என்று போய் நின்றிருந்தால் இனாமாகவே கொடுத்திருப்பார். கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு அது ஒரு கூட்டம் என்று கூட்டத்துக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனி வாடிக்கையாளர் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர், விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்த பணத்தில் நூல், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று வீடு நிறையச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது அதுவும் எடைக்குப் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்து, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக்கியது. நோட்டீசும் அழைப்பிதழும் சேர்ந்து பிழைத்ததுதான் அதில் பெரிய விஷயம். புத்தகம் எப்படியும் இன்னொரு வீட்டில் ஒரு பிரதி இருக்கும். கல்யாணப் பத்திரிகையும் கடைசிப் பக்கத்துக் கிறுக்கலும் உலகத்தில் ஒன்றே ஒன்று.

*

இரண்டாயிரங்களில் கடைசிப் பக்கம் மறுபடி வந்தது. ஊர்ப் பிள்ளைகள் பெங்களூருக்கும் சார்ஜாவுக்கும் நியூஜெர்சிக்கும் போய்விட்ட காலம். விடுமுறைக்கு வந்தால் தென்காசி ரோட்டு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். யாஹூ குழுமங்கள் அப்போது தமிழர்களுக்குப் பெரிய கூடம். 2004-இல் கூகுள் ஆர்குட்டைத் தொடங்கியதும் ஊர் பெயரிலும் பள்ளிக்கூடத்தின் பெயரிலும் கம்யூனிட்டிகள் முளைத்தன. எங்கள் ஊர்க் கூட்டத்தில் என்னென்ன இருந்தது! ஆறாவது மைல் அணைக்கு எந்த மாதம் போக வேண்டும், சப்பட்டை மாம்பழம் இந்த வருஷம் எப்படி, சஞ்சீவி மலை ஏறுகிற பழைய பாதை, ரத்தம் தேவை, பெண் பார்க்கிறோம், ராஜபாளையம் நாய்க்குட்டி எங்கே நம்பி வாங்கலாம். நடுவில் ஒருவர் எழுதினார்: சங்கரன்கோவில் முக்குப் பக்கம் வாடகைப் புத்தகக் கடை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் கீழே வந்த பதில்களைப் படித்தபோதுதான் அந்தப் பழைய கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தோம் என்று முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். பச்சை மை யார் என்பதுகூட அங்கேதான் தெரிந்தது.

2014 ஜூன் கடைசியில் அறிவித்து, செப்டம்பர் 30-ஆம் தேதி ஆர்குட்டை மூடினார்கள். பொதுவில் இருந்த பேச்சுகளைக் கொஞ்ச காலம் பார்க்க மட்டும் வைத்திருந்தார்கள், அப்புறம் அதுவும் போயிற்று. யாஹூ குழுமங்களுக்கு 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, சேர்ந்திருந்த பழைய கடிதங்கள் அழிக்கப்படும் என்று. 2020 டிசம்பரில் முழுக்க மூடினார்கள். அவர்களும் நஷ்டத்தில் நொடித்துப்போனவர்கள் இல்லை. ஆசை வேறு பக்கம் போய்விட்டது.

உலகத்தில் சிலர் இதற்கென்றே ஓடுகிறார்கள். 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் முடிந்தவரை நகலெடுத்து வைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து யாஹூவுக்கும் முயன்றார்கள். அங்கேதான் சிக்கல். பொதுவில் இருப்பதை வெளியாள் அள்ளலாம்; பூட்டிய குழுவுக்குள் இருப்பதை உள்ளே உறுப்பினராக இருக்கிற ஒருவர்தான் எடுக்க முடியும். குழுக்களில் சேர்ந்து நகலெடுக்கப் போனவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. ஆகவே ராஜபாளையத்துக்காரர் பேசியதைக் காப்பாற்ற வெளியிலிருந்து யாரும் வர முடியாது. உள்ளே இருந்தவர்கள், கதவு திறந்திருந்தபோதே, செய்திருக்க வேண்டிய வேலை அது.

எல்லாவற்றையும் காப்பாற்றத்தான் வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசிப் பக்கங்களில் ஒன்றில், லக்ஷ்மி நாவலுக்குக் கீழே, ஒரு பெண் தன் மாமியார் வீட்டைப் பற்றி ஆறேழு வரி எழுதியிருந்தார். முகம் தெரியாத நாற்பது பேர் மட்டுமே படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதியது. அதற்குப் பதில், மூன்று வெவ்வேறு எழுத்தில், தைரியமாக இரு தாயே என்ற பொருளில் இருந்தது. அதை ஸ்கேன் எடுத்து ஊருக்குக் காட்டுவது அவருக்குச் செய்கிற துரோகம். எழுதியவர் அழி என்றால் அழிக்க வேண்டும். காப்பாற்றுவது என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டி, திறக்க யாருக்கு உரிமை என்று எழுதி ஒட்டுவதும் அதில் அடக்கம். எடைக்குப் போடுவதும் தெருவில் கொட்டுவதும் தவிர மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதற்குப் பொறுப்பான ஆள் மட்டும்தான் வேண்டும்.

அண்ணாச்சி கடைப் புத்தகங்களில் இன்று மிஞ்சியிருப்பவை, திருப்பிக் கொடுக்காதவர்களிடம் இருப்பவைதான். ஒழுங்காகக் கொடுத்தவர்களுடையது எல்லாம் வண்டியில் போயிற்று. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களின் மச்சுகளில் ஊதா ஸ்டாம்பு வைத்த வால்யூம்கள் இன்னும் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்தே சிலது. ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் மச்சில் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம் தென்காசியில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தகவல். ஐந்தாம் பாகம் அகப்படவில்லை.

இப்போது ஊர்க்காரர்கள் வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். அதை ஆரம்பித்துப் பல வருஷம் தனியாளாக நடத்திவரும் ஓய்வுபெற்ற மில் சூப்பர்வைசர் போன மாதம் என்னிடம் போனில் பேசினார். "முன்ன மாதிரி முடியலப்பா, சண்டையத் தீர்த்து வைக்கிறதே வேலையா இருக்கு. கலைச்சிரலாமான்னு பாக்கேன்." கலைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் களைத்துவிட்டார், அதை மதிக்க வேண்டும். கலைக்கிறதுக்கு முன்னால் மூன்று மாதம் சொல்லிவிட்டுக் கலையுங்கள் என்றேன். அதுவரைக்கும் இன்னும் இரண்டு பேரை அட்மினாகப் போடுங்கள். பழைய பேச்சை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி உங்களிடமும் ஒரு பிரதி வேறொருவரிடமும் இருக்கட்டும். தங்கள் பேச்சு வேண்டாம் என்கிறவர்களின் வரிகளை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எக்ஸ்போர்ட் எப்படி என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

இரண்டு பேரை அட்மினாகப் போட்டுவிட்டார். ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிற நர்ஸ். இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ராஜபாளையம் குழுவுக்கு அவர் எதற்கு என்று அன்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் குழுவில் சண்டை நடந்தது.